பனியில் விழுந்த ரொட்டி

சாய்ராகுல் அக்காவுக்கும் கதவுக்கும் ஏழாம் பொருத்தம். கோக்ஜார் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இது தெரியாதவர் யாரும் இல்லை. எந்த அறைக்குள் நுழைந்தாலும் கதவை விரியத் திறந்து போட்டுவிட்டுத்தான் உட்காருவாள். பின்னாலேயே யாராவது எழுந்து போய்ச் சாத்துவார்கள். அவள் மறுபடி எழுந்து போய்த் திறப்பாள்.

எங்கள் ஊரில் இது சாதாரணக் குற்றமில்லை. அக்டோபர் கடைசியிலேயே வாளித் தண்ணீர் கல்லாகிவிடும் ஊர் இது. கல்லூரிக் கதவுகளுக்கெல்லாம் உள்பக்கம் கம்பளி வைத்து ஆணி அடித்திருக்கும். நிலக்கரிக் கொதிகலன் ஒன்றே ஒன்று, அதுவும் மனசிருந்தால் எரியும், இல்லாவிட்டால் புகையும். வணக்கம் சொல்வதற்கு முன்னால் கதவைச் சாத்துவதுதான் இங்கே மரியாதை. சாத்தாதவர்களைப் பார்த்து, "ஏன், கூடாரத்துல பொறந்தியா?" என்று கேட்பார்கள்.

அக்காவிடமும் கேட்பார்கள். அவள் சளைக்க மாட்டாள். "ஆமா, மேய்ச்சல் மலையில கூடாரத்துலதான் பொறந்தேன். அங்க வாசலுக்குக் கம்பளித் திரைதான், தாழ்ப்பாள் கிடையாது. எவனும் எவளையும் உள்ள கூட்டிட்டுப் போயி தனியா பரீட்சை வெக்க முடியாது பாரு" என்பாள்.

அவள் தாவரவியல் ஆசிரியை, நான் பூகோளம். இருவருக்கும் ஒரே அறை, ஒரே கெட்டில். அவள் வீட்டுக்காரர் ஜெங்கிஷ், மலைக் கணவாயில் பனி தள்ளும் புல்டோசர் ஓட்டுகிறார். குளிர்காலத்தில் ஆள் வீடு தங்குவதே அபூர்வம். மகன் மாஸ்கோவில் டாக்சி ஓட்டுகிறான். வீட்டில் கத்த ஆளில்லாததால் கல்லூரியில் வந்து கத்துகிறாள் என்று துணை முதல்வர் துராத்பெக் சொல்வதுண்டு. அப்படிச் சொல்கிறவருக்கு வாயில் நல்லதாக ஏதும் வருவதில்லை. அவள் கோட்டுப் பையில் எப்போதும் சூரியகாந்தி விதை இருக்கும். கோபம் வந்தால் கொறிக்கத் தொடங்குவாள். கூட்டம் முடியும்போது அவள் நாற்காலியைச் சுற்றித் தொலி குவிந்து கிடக்கும். அதைப் பார்த்தே அன்றைய கூட்டம் எப்படிப் போனது என்று துப்புரவுக்காரம்மா சொல்லிவிடுவாள்.

கதவுப் பைத்தியம் அவளுக்கு நூர்சாதாவிலிருந்து பிடித்தது. அக்காவின் பொறுப்பில் இருந்த வகுப்பில் நூர்சாதா என்று ஒரு பெண், நன்றாகப் படிக்கிறவள். ஒரு வாத்தியார் அவளைத் தன் அறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தப் பிள்ளை தைரியமாக வந்து சொல்லிவிட்டது. சொன்ன வாரத்திலேயே அவனுடைய சொந்தக்காரர்கள் ஒரு ஆடு, ஒரு வெள்ளைத் தலைத்துணி, இரண்டு ரொட்டி எடுத்துக்கொண்டு அவள் அப்பா வீட்டுக்குப் போனார்கள். அப்பா சாப்பாட்டு விரிப்பை விரித்தார், டீ ஊற்றினார், ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தார். வாயில் வைத்துவிட்டால் சமாதானம். அதற்கப்புறம் புகார் பேசுகிறவர்கள்தான் கெட்டவர்கள். நூர்சாதா புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனவள், கல்யாணம் ஆகி அங்கேயே இருந்துவிட்டாள். வாத்தியான் மட்டும் ஓய்வு பெறும்வரை அதே அறையில் அதே கதவைச் சாத்திக்கொண்டு சம்பளம் வாங்கினான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் அக்கா கேட்பது ஒன்றே ஒன்றுதான். எல்லா அறைக் கதவிலும் ஒரு கண்ணாடிச் சதுரம் வைக்க வேண்டும், வாய்மொழித் தேர்வு நடக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும்.

"கண்ணாடி வெச்சா குளிர் உள்ள வரும்மா" என்பார் துராத்பெக்.

"வந்தா கோட்டு போட்டுக்குங்க அண்ணே. குளிருக்குக் கோட்டு இருக்கு, மத்ததுக்கு என்ன இருக்கு?"

துராத்பெக் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். நடுவில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து நாலு பேர் வந்து, கல்லூரியில் பாலியல் தொல்லையைத் தடுப்பது எப்படி என்று பாடம் நடத்தி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு ஒரு புகார்ப் பெட்டி வந்தது. அதைத் துராத்பெக் தன் அறை வாசலுக்கு நேர் எதிரே, கேமராவுக்குக் கீழே அடித்து வைத்தார். புகார் போடுகிறவள் முகம் தெரிந்தால்தானே உதவி செய்ய முடியும் என்று விளக்கமும் சொன்னார். சாவி தொலைந்து, பிறகு ஒருநாள் உடைத்துத் திறந்தபோது உள்ளே சூயிங்கம் காகிதமும் விதைத் தொலியும் இருந்தன. தொலி யாருடையது என்று நான் கேட்கவில்லை.

போன குளிர்காலம் அரைப்பருவத் தேர்வு நேரம். நாங்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் ஆண்டு ஐசிரெக் வந்து நின்றாள். அக்காவின் வகுப்புதான். வெளியே குருவி செத்து விழும் குளிர், தலையில் தொப்பி இல்லை. எங்கள் ஊரில் அந்த மாதத்தில் வெறுந்தலையோடு வருகிறவளுக்குப் புத்தி சரியில்லை என்று அர்த்தம், அல்லது ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

"தொப்பி எங்கடி?" என்றாள் அக்கா.

"உள்ள இருக்கு அக்கா. எமில்பெக் ஐயா ரூம்ல."

"போய் எடுத்துட்டு வா, காது கழண்டு விழுந்துரும்."

"நான் அங்க போக மாட்டேன்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

"கதவைச் சாத்தட்டுமா? நீயே சொல்லு."

"சாத்துங்க. தாழ்ப்பாள் மட்டும் போடாதீங்க."

எமில்பெக் சரித்திர வாத்தியார். நன்றாக உடுத்துவான், நன்றாகச் சிரிக்கவைப்பான், கல்லூரி விழாவென்றால் மைக் அவன் கையில்தான். தேர்வுக்கு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவான். குளிர் என்று கதவைத் தாழிடுவான். அன்று ஐசிரெக் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்தான். இடுப்பில் கை வைத்தான். அவள் எழுந்தாள். பாஸாகணுமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இழுத்தான். முழங்கையால் ஒரு குத்து விட்டு, தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். மேசைமேல் கழற்றி வைத்திருந்த தொப்பி அங்கேயே தங்கிவிட்டது. அம்மா பின்னிக் கொடுத்தது, பச்சைக் கம்பளியில் சிவப்புக் கரை வைத்தது.

அக்கா கேட்டது ஒரே கேள்வி. "புகார் எழுதுறியா? எழுதினா என்னென்ன வரும்னு மொதல்ல சொல்றேன். அப்புறம் முடிவு பண்ணு." ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சரித்திரத்தில் அவன் தேர்ச்சி போட மாட்டான். போடாவிட்டால் அரசாங்கச் செலவில் படிக்கும் இடம் போய்விடும். இடம் போனால் அம்மா ஊருக்குக் கூப்பிட்டுக்கொள்வாள். ஊரில் மாப்பிள்ளை பார்ப்பார்கள். இவ்வளவையும் கேட்டுவிட்டு ஐசிரெக் பேனா கேட்டாள்.

துராத்பெக் புகாரை இரண்டு விரலால் பிடித்து வாங்கினார். எமில்பெக்கைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்தப் பெண் அன்றைக்குத் தேர்வுக்கே வரவில்லை, தன் அறை வாசலைக்கூட மிதிக்கவில்லை, படிக்காமல் வந்து பயத்தில் கதை கட்டுகிறாள் என்று அவன் சொன்னான். வருகைக் குறிப்பிலும் வரவில்லை என்றே போட்டிருந்தான். செவ்வாய்க்கிழமை விசாரணைக் குழு உட்காரும் என்று முடிவாயிற்று.

"செவ்வாய்க்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை வருதுல்ல" என்றாள் அக்கா என்னிடம். "ஞாயித்துக்கிழமை அவனுங்க சாரிபுலாக் போவானுங்க. பூபுசாரா வாயில ரொட்டி போயிருச்சுன்னா செவ்வாய்க்கிழமை காலி நாற்காலிய விசாரிக்க வேண்டியதுதான்."

பூபுசாரா ஐசிரெக்கின் அம்மா. சாரிபுலாக்கில் தனியாக மாடு வைத்துப் பிழைக்கிறவள். அக்கா போனில் அவளுக்குப் பாடம் எடுத்தாள். விரிப்பு விரிக்காதே, டீ ஊற்றாதே, வீட்டுக்குள் விடாதே, ஒன்றையும் வாயில் வைக்காதே.

"பெரியவர் ஓமூர்ஸாக்கே வராராம் அக்கா" என்று அழுதாள் பூபுசாரா. எமில்பெக்கின் பெரியப்பா அவர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் எந்தச் சாவுக்கும் அவர் கை விரித்து ஆசி சொன்னால்தான் காரியம் முடியும். "அவ்ளோ பெரிய மனுசன் வாசல்ல வந்து நிக்கும்போது ஒரு வாய் டீ குடுக்காம எப்படி அனுப்புறது? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்றத ஊரே கேட்டுக்கட்டும். நான் வரேன், பயப்படாத."

வந்தது அவள் மட்டும் இல்லை, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வழியில் சாப்பிட ஓரிடத்திலும் இறங்கவிடவில்லை. அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டுமாம். போய்ச் சேர்ந்த இடத்திலும் டீ கிடையாது. விரிப்பை விரித்தால் சரியாக அந்த நேரம் பார்த்து வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று பூபுசாராவின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். பசியில் எனக்குக் கண் இருட்டியது. வீட்டுக்கு வந்திருந்த ஐசிரெக்கை உள் அறையில் இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் மூன்று பேரும் முற்றத்துப் பனியில் காவல் நின்றோம்.

ஜீப் வந்தது. ஓமூர்ஸாக் பெரியவர் உயரமான வெள்ளைத் தொப்பியோடு இறங்கினார். கூட இரண்டு பெண்கள், பின்னால் ஒரு ஆடு. எமில்பெக் வரவில்லை, வருவானா?

"என்னம்மா, எல்லாரும் வாசல்லயே நிக்கிறீங்க" என்றார் பெரியவர். "தூரத்துலேர்ந்து வரோம். ஒரு வாய் டீ கெடைக்குமா?"

பூபுசாரா வீட்டுப் பக்கம் ஒரு அடி வைத்தாள். அக்கா முந்திக்கொண்டாள். "பால் தீந்துபோச்சு பெரியவரே."

கொட்டகையிலிருந்து மாடு நீளமாகக் கத்தியது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா என் காலை மிதித்தாள்.

பெரியவர் கோபிக்கவில்லை. ஆட்டை இறக்கச் சொன்னார். இறக்கினார்கள். பூபுசாரா அதன் கொம்பைப் பிடித்துத் திரும்ப ஜீப்புக்குள் தள்ளினாள். அவர்கள் மறுபடி இறக்கினார்கள். அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மறுபடி ஏற்றிக் கதவைச் சாத்தினோம். ஐசிரெக் வந்து நின்ற நாளைத் தவிர்த்தால், அக்கா தன் கையால் ஒரு கதவைச் சாத்தியதை அன்றுதான் பார்த்தேன். ஆட்டை ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பெரியவர் கக்கத்தில் இடுக்கியிருந்த ஒரு வெள்ளைத் துணி மூட்டையை எடுத்தார். "பூபுசாரா, பையன் தப்புப் பண்ணான்னோ பண்ணலன்னோ நான் பேச வரல. பொண்ணு மானமும் பையன் பேரும் சந்தி சிரிக்கக் கூடாதுன்னு வந்தேன்." மூட்டையைப் பிரித்தார். மேலே இரண்டு வட்ட ரொட்டி, கீழே மடித்த தலைத்துணி, அதற்கும் கீழே பச்சைக் கம்பளி, சிவப்புக் கரை. "பொண்ணு மறந்து விட்டுட்டு வந்த சாமானாம். அதையும் ஒப்படைச்சிரலாம்னு கொண்டாந்தேன்."

தான் பின்னிய தொப்பியைப் பூபுசாரா பார்த்தாள். அதுவரை பயந்து நின்றவள் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அதை வெடுக்கென்று உருவினாள். மூட்டை சரிந்தது. ரொட்டி இரண்டும் பனியில் விழுந்தன.

இதற்குமேல் நடந்ததைச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. ரொட்டி தரையில் கிடந்தால் எங்களில் யாரும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டோம். நிற்க வராது. குனிந்து எடுத்து, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, மன்னிப்புக்கு ஒரு துளி பிட்டு வாயில் போட்டுக்கொள்வோம். தாய்ப்பாலோடு வந்த பழக்கம். நானும் குனிந்தேன். அக்கா எனக்கு முன்னால் குனிந்துவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். எடுத்தாள், முத்தமிட்டாள், நெற்றியில் ஒற்றினாள், பிட்டு வாயில் போட்டாள்.

பெரியவர் இரண்டு கையையும் விரித்தார். "வாய் வெச்சாச்சு. ரெண்டு வீடும் பகையில்லாம இருக்கட்டும். ஓமின்!" ஆசி முடிந்ததென்று முகத்தைத் தடவிக்கொண்டார். கூட வந்த பெண்களும் தடவிக்கொண்டார்கள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

அக்கா வாயில் ரொட்டியோடு நின்றாள். துப்ப முடியாது, ரொட்டியைத் துப்புகிறவள் மனுஷியே இல்லை. விழுங்கவும் மனசு வரவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. கடைசியில் கல்லை விழுங்குவதுபோல விழுங்கினாள்.

"என் வாயில மண்ணு விழ! ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேனே, நானே போயி வாயில போட்டுக்கிட்டேனேடி கனிஷாய்!" என்று என் பெயரைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஐசிரெக் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். வெளியே வந்தாள். அம்மா கையிலிருந்த தொப்பியை வாங்கிப் பனியைத் தட்டினாள். தலையில் வைத்துக்கொள்ளவில்லை, கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"டீ போடட்டுமா அக்கா?" என்றாள். "பால் இருக்கு."

திங்கட்கிழமை நாங்கள் கல்லூரிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. வழியில் பார்த்தவர்களெல்லாம் அக்காவைப் பாராட்டினார்கள். கேன்டீன்காரி அவளுக்கு எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி இரண்டு கூடுதலாகப் போட்டு, "நல்ல காரியம் பண்ணீங்க, சண்டை எதுக்கு, எல்லாரும் ஒரே ஊருதானே" என்றாள். அக்கா தட்டோடு அப்படியே வைத்துவிட்டு வந்தாள். எமில்பெக் எதிரே வந்து, எல்லோர் முன்னாலும் குனிந்து வணக்கம் சொன்னான். அவள் அன்று முழுக்கப் பாடம் நடத்தவில்லை. மேசையில் உட்கார்ந்து விதையைக் கொறித்துக்கொண்டே இருந்தாள். என்னைத் திட்டினாள், தன்னைத் திட்டினாள், ஜெங்கிஷுக்குப் போன் போட்டு, பனி தள்ளுவதை ஒழுங்காகத் தள்ளு என்று அவரையும் திட்டினாள்.

"அந்தப் புள்ளை என்னை நம்பித்தான் பேனா எடுத்துச்சு. நானே அது கையை ஒடிச்சுட்டேன்" என்றாள் சாயந்திரம். நான் கெட்டிலைப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை குழு துராத்பெக் அறையில் கூடியது. அவர், தொழிற்சங்கக்காரர், வக்கீலம்மா. எமில்பெக் புது டையோடு வந்திருந்தான். எதிரே ஐசிரெக், கோட்டைக்கூடக் கழற்றாமல். பொறுப்பாசிரியை என்பதால் அக்காவுக்கு ஒரு நாற்காலி. நான் சாட்சி என்று சொல்லிச் சுவரோரம் நின்றேன். சமாதானத்தைத் தன் வாயால் சொல்வதற்குப் பெரியவர் ஓமூர்ஸாக்கையே வரவழைத்திருந்தார் துராத்பெக். அக்கா கதவைத் திறந்து வைத்தாள். துராத்பெக் எழுந்து வந்து சாத்தினார். அன்று அவள் மறுபடி எழுந்து போகவில்லை.

"பெரியவரே, நடந்ததைச் சொல்லுங்க" என்றார் துராத்பெக்.

பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு ஒன்று விடாமல் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஆடு கொண்டுபோனது, டீ கிடைக்காதது, மூட்டை பிரித்தது, ரொட்டி விழுந்தது, வாய் வைத்தது, ஆசி சொன்னது.

"அப்போ சமாதானம் ஆயிருச்சு. புகார் முடிஞ்சுது" என்று துராத்பெக் பேனாவை எடுத்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் ஐசிரெக்.

"கேளும்மா."

"ரொட்டி யார் வாயில போச்சு?"

துராத்பெக் பேனாவோடு நிமிர்ந்தார். "சாய்ராகுல் வாயில. அதான் பெரியவர் சொன்னாரே."

"நான் தின்னேனா?"

"நீ இல்ல."

"எங்கம்மா?"

"இல்ல, ஆனா…"

"அப்போ எமில்பெக் ஐயா சாய்ராகுல் அக்காவோட சமாதானமாப் போகட்டும். அவர் கை வெச்சது அக்கா மேல இல்லையே."

வக்கீலம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா தலையைத் தூக்கி அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கவிழ்ந்திருந்த தலை.

"வெளையாட்டுப் பேச்சு பேசாத" என்று எமில்பெக் எகிறினான். "இவ அன்னிக்கு என் ரூமுக்கே வரல. வராதவளுக்கு என்ன சமாதானம், என்ன சண்டை?"

ஐசிரெக் கோட்டுப் பித்தானைக் கழற்றினாள். பச்சைத் தொப்பியை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, இந்தத் தொப்பி உங்க மூட்டையில இருந்துச்சு. உங்க கையில யாரு குடுத்தாங்க?"

"எமில்பெக்தான் குடுத்தான்" என்றார் பெரியவர் உடனே. "கல்லூரியில அவன் ரூம்ல கெடந்துச்சாம், அன்னிக்கு ஓடுறப்போ பொண்ணு விட்டுட்டுப் போயிட்டா, ஒப்படைச்சுருங்க பெரியப்பான்னு…"

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். பெரியவர் தொப்பியைப் பார்த்தார், எமில்பெக்கைப் பார்த்தார். எமில்பெக் டையைச் சரி செய்தான்.

"வரலன்னு சொன்னியேடா" என்றார் பெரியவர்.

அவர் எழுந்தார். "என் வாயால ஆசி சொல்ல வெச்சுட்டியே, நாயே" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போகும்போது கதவைச் சாத்தவில்லை. யாரும் எழுந்து போய்ச் சாத்தவும் இல்லை.

இத்தோடு கதை சுபம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் கோக்ஜாரில் எதுவும் அப்படி நடக்காது. புகார் கிழிபடாமல் பிழைத்துப் போலீசுக்குப் போனது, அது பெரிய காரியம்தான். எமில்பெக் உடனே முதுகுவலி என்று மருத்துவ விடுப்பு எடுத்தான். விசாரிக்கிற அதிகாரி இருந்தால் சாட்சி இல்லை, சாட்சி போனால் அதிகாரி மீட்டிங்கில். தொப்பியை ஆதாரம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை. பூபுசாரா வேறொன்று பின்னிக்கொண்டிருக்கிறாள். சாரிபுலாக்கில் பாதிப் பேர் இப்போது அவள் வீட்டுக்கு வருவதில்லை. டீ கொடுக்காத வீடாம்.

கல்லூரி என்ன செய்தது? நடவடிக்கை எடுத்தது. மாணவிகள் எல்லாரும் இருட்டுவதற்குள் விடுதிக்குப் போய்விட வேண்டும் என்று உத்தரவு. உடையில் அடக்கம் பற்றி மாணவிகளுக்கு ஒரு சொற்பொழிவு. வாத்தியார்களுக்கு ஒரு சொற்பொழிவும் இல்லை, கதவுகளில் கண்ணாடியும் இல்லை. இந்த விவகாரத்தில் இன்றைய தேதி வரைக்கும் எழுத்தில் தண்டனை வாங்கியது ஒரே ஒரு ஆள்தான். கதவுகளைத் தொடர்ந்து திறந்து போட்டு வெப்பத்தை வீணாக்கியதற்காகச் சாய்ராகுல் அக்காவுக்குக் கண்டிப்பு ஓலை. அதைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டு நான் பயந்துபோனேன். அழுதிருந்தாலாவது தேற்றியிருப்பேன்.

அவள் இப்போதும் தரையில் ரொட்டி கிடந்தால் குனிகிறாள். எடுக்கிறாள், முத்தமிடுகிறாள், நெற்றியில் ஒற்றுகிறாள். வாயில் மட்டும் போடுவதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு ஜன்னல் விளிம்பில் குருவிக்கு வைத்துவிட்டு வருவாள்.

ஐசிரெக்கின் சரித்திரத் தேர்வு மிச்சம் இருந்ததே. அதில் தேறினால்தான் அவள் இடம் தங்கும். வேறு துறையிலிருந்து ஒரு வயதான வாத்தியாரைப் போட்டார்கள். நல்ல மனுஷர், யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்காதவர். ஆனால் தேர்வு நடந்தது எமில்பெக்கின் அதே அறையில். வேறு அறை காலி இல்லையாம். அக்கா சண்டை போட்டாள், நடக்கவில்லை. அந்த அறைக்குள் ஐசிரெக் போகவே மாட்டாள், இடம் அவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தேர்வு நாளன்று அக்காவும் நானும் தாழ்வாரத்தில் நின்றோம். அந்த வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு சுவரோரமாக வந்து நின்றார்கள். யாரும் அவர்களை வரச் சொல்லவில்லை. ஐசிரெக் எங்களைத் தாண்டி உள்ளே போனாள். மேசை முன்னால் உட்கார்ந்தாள். தாழ்வாரத்துக் குளிர் அவளோடு சேர்ந்து உள்ளே போனது.

வாத்தியார் கையைத் தேய்த்துக்கொண்டார். "கதவைச் சாத்திட்டு வந்து உக்காரும்மா. குளிருது."

ஐசிரெக் அசையவில்லை. அவள் குரல் தாழ்வாரத்தின் கடைசிவரை கேட்டது.

"கோட்டு போட்டுக்குங்க ஐயா."

அக்கா பையில் விட்ட கையை அப்படியே வைத்திருந்தாள். விதையை எடுக்கவில்லை. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வாத்தியார் எழுந்து போய், ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.